கடல் கடந்த கல்வியும் கைகொடுத்த நிதிகளும்

நமது காலனியில் ஆண்டுதோறும் ஆவணி பிறக்கும் முன்னர் இரண்டொரு வீடுகளில் பெட்டி கட்டும் ஆரவாரம் எழுகின்றது. மகனோ மகளோ மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து செல்லப் போகின்றார். பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடை பார்த்துக் கட்டப்படுகின்றன. வழியனுப்பச் செல்லும் நாம் எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம், எத்தனை ஆண்டு என்றெல்லாம் வினவுகின்றோம். பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அவ்வாறு கேட்டல் பண்பன்று என்பது நம்மவர் எண்ணம். எண்ணம் நல்லதே, ஆயினும் சரித்திரம் எழுதப் புகுந்தவர்க்கு அதுவே முதற் கேள்வியாகின்றது. 2023-24ஆம் கல்வியாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர் பயின்றனர். இப்பெருந்தொகைக்குப் பின்னே நூற்றறுபது ஆண்டுக் கதை ஒன்று இருக்கின்றது. அக்கதையின் பெரும்பகுதி நாம் குடிவந்து வாழும் இம்மும்பை மாநகரிலேயே நிகழ்ந்தது. ஆதலின் அதனை இவ்வாண்டு மலரில் எடுத்துரைத்தல் பொருந்தும் என்று கருதினோம்.

ஜே.ஜே. மருத்துவமனை, ஜே.ஜே. ஓவியக் கல்லூரி என்று நாம் அன்றாடம் சொல்லும் பெயர் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சி வணிகப் பெருமகனாருடையது. அவர்தம் புதல்வருள் ஒருவரான ருஸ்தம்ஜி, 1864ஆம் ஆண்டில், இந்தியர் ஐவரைச் சீமைக்கு அனுப்பிப் பாரிஸ்டர் படிப்புப் படிக்க வைப்பதற்காக ஒன்றரை இலட்சம் ரூபாய் அளிக்க முன்வந்தார். அக்காலத்து ஒன்றரை இலட்சம்! இந்நிதியின் துணையால் சென்றவருள் இருவரை நாடு பின்னர் நன்கறிந்தது. ஒருவர் பம்பாயின் பிரோஸ்ஷா மேத்தா. மற்றொருவர் கல்கத்தாவின் உமேஷ் சந்திர பானர்ஜி. 1885 டிசம்பரில் இந்நகரத்துக் கோகுல்தாஸ் தேஜ்பால் வடமொழிக் கல்லூரியில் காங்கிரஸ் மகாசபை முதன்முதலாகக் கூடியபோது தலைமை வகித்தவர் பானர்ஜியே. மேத்தா 1890இல் அம்மகாசபையின் தலைவரானார். ஒரு வணிகர் ஒரு முறை கை நீட்டியதன் பயன் இது.

ஆயினும் அக்கை நெடுநாள் நீண்டிருக்கவில்லை. ருஸ்தம்ஜியின் செல்வம் பெருகியதற்கும் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் தொடர்பு உண்டு. 1861 முதல் அமெரிக்கப் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்கு வந்து சேரவில்லை. ஆகவே பம்பாய்ப் பருத்திக்குப் பொன் விலை கிடைத்தது. ஊரெங்கும் பங்கு வாணிகப் பித்துப் பிடித்தது. 1865இல் போர் முடிந்தது; பருத்தி விலை சரிந்தது; அவ்வாண்டு ஜூலை முதல் நாள் கணக்குத் தீர்க்க வேண்டிய வணிகர் பலர் நொடித்துப் போயினர். ருஸ்தம்ஜியும் அவ்வெள்ளத்தில் அகப்பட்டார். இலண்டனில் படித்துக்கொண்டிருந்த மேத்தாவுக்கு நிதி வரத்து நின்றது. அவர் எவ்வாறோ படிப்பை முடித்து 1868இல் பாரிஸ்டராகத் திரும்பினார் என்பது உண்மையே. எனினும் அமெரிக்காவில் ஒரு போர் ஓய்ந்தால் பம்பாய் மாணவன் ஒருவன் இலண்டனில் கையற்று நிற்க நேர்ந்த அந்நிகழ்ச்சியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நன்று. கொடுத்தவருக்கு உள்ளம் இருந்தது. அவருக்குப் பின்னும் நிலைக்கும்படி ஏற்பாடு செய்யப்படவில்லை.

அக்காலத்தில் சீமைப் படிப்பு ஏன் இத்துணை இன்றியமையாததாயிற்று என்னும் ஐயம் இளையோர்க்கு எழலாம். அறிவு வேட்கை ஒருபுறம் இருக்க, இந்நாட்டு நிர்வாகத்தின் உயர் பதவிகளுக்கான ஐ.சி.எஸ். பரீட்சை இலண்டனில் மட்டுமே நடந்தது. கப்பற் கட்டணமும் அங்கே தங்கிப் படிக்கும் செலவும் இல்லாதவனுக்கு அப்பதவிகள் எட்டாக் கனியே. சத்தியேந்திரநாத் தாகூர் 1863இல் தேறி முதல்வரானார். அடுத்து வந்தோர் மிகச் சிலர். போதாக்குறைக்கு, 1878 முதல் பரீட்சைக்கு உரிய மேல் வயது 19 என்று குறைக்கப்பட்டது. பதினேழு, பதினெட்டு வயதிலேயே பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பத்தக்க குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும்? இந்தியாவிலும் ஒரே சமயத்தில் பரீட்சை நடத்த வேண்டும் என்று தாதாபாய் நௌரோஜி முதலியோர் போராடினர். 1893இல் பிரிட்டிஷ் பொதுச் சபை அவ்வாறே தீர்மானம் நிறைவேற்றியும் ஆட்சியாளர் அதனைச் செயற்படுத்தவில்லை. 1922இல்தான் அலகாபாத்தில் முதன்முதலாக அப்பரீட்சை நடைபெற்றது. பரீட்சை நடக்கும் இடம் எது என்பது அலுவலகக் காரியம் போலத் தோன்றும். ஏழை மாணவனை வெளியே நிறுத்துவதற்கு அதைக் காட்டிலும் உறுதியான வேலி வேறில்லை.

அரசாங்கமே உபகாரச் சம்பளம் கொடுத்து மாணவரை அனுப்பவில்லையா என்றால், அனுப்பிப் பார்த்தது. 1868இல் லாரன்ஸ் பிரபுவின் ஆட்சியில், ஆண்டுக்கு 200 பவுன் வீதம் மூன்றாண்டு பெறத்தக்க ஒன்பது உபகாரச் சம்பளங்கள் அறிவிக்கப்பட்டன. ஆர்கைல் பிரபு இந்திய மந்திரியாக வந்ததும் அவற்றை நிறுத்திவிட்டார். கில்கிறிஸ்ட் அறநிலையத்தின் உபகாரச் சம்பளமும் அக்காலத்தில் தோன்றியதே. வங்கத்து விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் 1882இல் அதனைப் பெற்றுத்தான் எடின்பரோவுக்குச் சென்றார். ஆயின் அதற்குரிய பரீட்சையில் நான்கு மொழிப் புலமை காட்ட வேண்டும். நல்ல பள்ளிக்கூடமும் நூல்நிலையமும் அருகில் இல்லாத சிற்றூர்ப் பிள்ளைக்கு அது நடவாத காரியம்.

அரசாங்க உபகாரச் சம்பளம் பின்னர் மீண்டும் வழங்கப்பட்டது. அப்போது நிகழ்ந்த ஒன்றை நம் பெண்மக்கள் அறிதல் வேண்டும். கொர்னேலியா சொராப்ஜி பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரி. புனே நகரத்து டெக்கான் கல்லூரியில் ஆண் மாணவர் நடுவே பயின்று முதன்மையாகத் தேறினார். அத்தேர்ச்சிக்கு உரிய பரிசு சீமையில் படிப்பதற்கான உபகாரச் சம்பளம். அவர் பெண் என்பதால் அது மறுக்கப்பட்டது. பிரிட்டிஷ் பொதுச் சபையில் இதுபற்றிக் கேள்வி எழுந்தும் பயன் விளையவில்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர் சிலர் தாமே பொருள் திரட்டி உதவ, அவர் 1889இல் ஆக்ஸ்போர்டு சென்று, 1892இல் சட்டப் பரீட்சை எழுதிய முதற் பெண்மணியானார். விதி என்று ஒன்று எழுதப்பட்டுவிட்டால் கதவு திறந்ததாக நாம் மகிழ்கின்றோம். அவ்விதியை எழுதியவர் மனத்தில் யார் இருந்தார், யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

பணத்தோடு முடிந்ததா தடை? சாதிக் கட்டுப்பாடும் துறைமுகத்தில் வந்து நின்றது. 1888இல் பதினெட்டு வயதுடைய மோகன்தாஸ் காந்தி சீமைக்குப் புறப்பட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. ஆயினும் பொருட் கணக்கை நோக்கி அதனை மீண்டும் படித்துப் பார்க்கத் தகும். பாரிஸ்டர் படிப்புக்கு நாலைந்தாயிரம் ரூபாய் ஆகும் என்று குடும்ப நண்பர் கூறினார். போர்பந்தர் சமஸ்தான நிர்வாகியாயிருந்த லேலி துரையிடம் உதவி கேட்கச் சென்றபோது, முதலில் பி.ஏ. தேறி வருக என்று படியேறும்போதே திருப்பி அனுப்பப்பட்டார். மனைவியின் நகைகளை விற்கலாமா என்றும் எண்ணினார். தமையனார் பொருள் திரட்டித் தந்தார். பம்பாய்க்கு வந்தபின் மோத் வணிகர் சாதிச் சபை கூடி அவரைச் சாதிப் புறம்பாக்கியது. அவருக்கு உதவுவோரும் கப்பல் துறைக்கு வந்து வழியனுப்புவோரும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் கட்ட வேண்டும் என்று விதித்தது. பயணத்துக்கென்று ஒப்படைக்கப்பட்டிருந்த பணத்தைத் தமக்கை கணவர் அக்கட்டளைக்கு அஞ்சிக் கொடுக்க மறுத்துவிட்டார். வேறொரு நண்பர் கடன் கொடுத்ததால்தான் செப்டம்பர் 4ஆம் நாள் கப்பலேற முடிந்தது. திவான் குடும்பத்துப் பிள்ளைக்கே நிலைமை இதுவெனில் ஏனையோரைப் பற்றி என் சொல்வது!

நம் தமிழகத்துக் கணித மேதை இராமானுசனுக்கும் இதே தடை குறுக்கிட்டது. கேம்பிரிட்ஜ் அழைத்தபோது ஆசாரத்தை எண்ணி அவர் முதலில் இசையவில்லை. 1914இன் தொடக்கத்தில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த நெவில் என்னும் இளம் பேராசிரியர் அவரைக் கண்டு பேசியபோது மனம் மாறியிருந்தது, அன்னையாரும் இசைந்தார். அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகம் செய்த ஏற்பாடு, உபகாரச் சம்பளம் வகுப்போர் அனைவரும் கவனிக்கத்தக்கது. ஆண்டுக்கு 250 பவுன், இரண்டாண்டுக்கு. பயணச் செலவு தனி. அவ்விருநூற்றைம்பதில் 50 பவுன் தமிழகத்தில் இருந்த அவர் குடும்பத்தாருக்கு ஒதுக்கப்பட்டது. துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிய ஒருவர் கடல் கடந்தால் வீட்டில் அடுப்பெரிவது எப்படி என்பதை யாரோ நினைத்துப் பார்த்திருக்கின்றனர். படிக்கச் செல்பவனுக்குக் கொடுத்தால் போதும் என்று எண்ணுகின்ற நிதிகள் இன்றும் பல. அவன் போனால் குடும்பத்தில் குறையும் வருவாயை யார் ஈடு செய்வது? ஏழை வீட்டில் முதலில் எழும் கேள்வி அதுதான்.

பம்பாய்க் கதைக்கு மீள்வோம். 1892இல் ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா ஓர் அறநிலையம் நிறுவினார். ஜே.என். டாட்டா எண்டோமெண்ட் என்பது அதன் பெயர். எஃகு ஆலைக்கும் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கும் முற்பட்டது இது. ருஸ்தம்ஜியின் நன்கொடைக்கும் டாட்டாவின் ஏற்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது பெரிது. டாட்டா பொருளைத் தானமாகக் கொடுக்கவில்லை, கடனாகக் கொடுத்தார். படித்துத் திரும்பிப் பொருளீட்டியவன் அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அப்பணம் அடுத்தவனை அனுப்பும். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. ஆயினும் வாங்குபவன் தலை குனிய வேண்டாத உதவி அது என்பதை நாம் மறக்கலாகாது. பருத்தி விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்நிதி வற்றவில்லை. தொடக்க நாளிலேயே மருத்துவம் பயிலச் சென்ற ஃபிரேனி காமா என்னும் பெண்மணிக்கு அதில் இடம் இருந்தது. ஓராண்டா ஈராண்டா, நூற்றாண்டைக் கடந்தும் அது நடந்துவருகின்றது. அணுவிஞ்ஞானி ராஜா ராமண்ணா, வானியலறிஞர் ஜயந்த் நார்லிகர் ஆகியோர் அதன் வழியே சென்றவர்கள்.

டாட்டாவின் கொள்கையில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. நலிந்தவரைத் தாங்கிப் பிடிப்பதினும் மிகச் சிறந்தவரை மேலே தூக்கிவிடுதலே நாட்டை முன்னேற்றும் என்பது அவர் கருத்து. மிகச் சிறந்தவர் யார் என்று காண்பதற்கே அவர் பள்ளிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டுமே! உழவூர் என்னும் கேரளச் சிற்றூரில், தாழ்த்தப்பட்ட குலத்தில், வறுமையிற் பிறந்து, நாள்தோறும் பதினைந்து கிலோமீட்டர் நடந்து பள்ளி சென்ற கே.ஆர். நாராயணன், 1945இல் டாட்டா உதவியால் இலண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்று பேராசிரியர் லாஸ்கியிடம் பயின்றார். 1997இல் குடியரசுத் தலைவரானார். இது டாட்டா நிதியின் பெருமையே. ஆனால் உழவூர் போன்ற ஊர்களில் நடக்க முடியாமல் நின்றுவிட்டவர்களைப் பற்றி எந்த நிதியின் ஏட்டிலும் குறிப்பு இல்லை.

இனி, நாம் நெடுநேரம் நின்று பார்க்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. நம்மவர் பலர் குடியிருக்கும் மாட்டுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், தாதர் இந்து காலனியில், ராஜகிருகம் என்னும் வீடு இருக்கின்றது. தாம் சேர்த்த ஆயிரக்கணக்கான நூல்களை வைப்பதற்கென்றே டாக்டர் அம்பேத்கர் கட்டிய வீடு அது. அந்நூல்களின் கதை ஓர் உபகாரச் சம்பளத்தில் தொடங்குகின்றது.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் பி.ஏ. தேறிய அம்பேத்கருக்கு அப்படிப்பின்போதே பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவி வந்தார். 1913இல் மன்னர் அவரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டு, திரும்பி வந்து பத்தாண்டு சமஸ்தானத்தில் ஊழியம் செய்வதாக உடன்படிக்கை. தீண்டாமை தலைவிரித்தாடிய நாளில் ஒரு மன்னர் இவ்வாறு செய்தது அரிய செயல். அதனை எத்துணைப் போற்றினும் தகும். அம்பேத்கர் வயிற்றைக் கட்டிப் பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்கள் வாங்கினார், 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார்; 1916இல் இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஆராய்ச்சி பாதியில் நின்றபோது உதவித்தொகையின் காலம் முடிந்தது. திரும்பி வருமாறு பரோடாவிலிருந்து அழைப்பு வந்தது. 1917இல் அவர் கப்பலேறினார். தனியே அனுப்பிய அவருடைய நூல்கள் சென்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. அந்நூல்களுக்கு ஈடாகக் கிடைத்த 600 ரூபாய் பரோடாவுக்குச் செல்லும் செலவுக்கு உதவியது.

பரோடாவில் நிகழ்ந்ததை எண்ணினால் இன்றும் உள்ளம் கொதிக்கின்றது. நியூயார்க்கிலும் இலண்டனிலும் பயின்று வந்த அறிஞருக்கு அவ்வூரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியபோது கையில் தடியுடன் வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். அலுவலகத்தில் ஏவலாள் கோப்புகளைத் தொலைவிலிருந்து எறிந்தான். சில நாளிலேயே அவர் பம்பாய்க்குத் திரும்பிவிட்டார். மன்னர் படிப்புக்கு வழி செய்தார். படித்தவன் திரும்பி வந்து மனிதனாக வாழ்வதற்கு வழி செய்ய அம்மன்னராலும் இயலவில்லை. பட்டம் பெற்றவனை ஊர் எவ்வாறு வரவேற்கப் போகின்றது என்பதும் மேல்நாட்டுக் கல்விக் கணக்கில் சேர்ந்ததே என்பது நம் துணிபு.

விட்ட படிப்பை முடிக்க அவர் எந்த அரண்மனையின் அழைப்புக்கும் காத்திருக்கவில்லை. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராயிருந்து ஒன்றரை ஆண்டு பணம் சேர்த்தார். கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவினார். நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். ரூபாயைப் பற்றிய அவரது ஆராய்ச்சி நூல் பிறந்த கதை இது. இடையில் ஒரு மூன்றாண்டு வீணாயிற்றே என்று நாம் வருந்துகின்றோம். அவரோ அதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தார் என்று தோன்றுகின்றது. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழில் உறுப்பினராய் அமர்ந்ததும், தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் குறைகளை எடுத்துரைத்து அவர் அளித்த மனுவில், அவ்வகுப்பு மாணவர் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயில ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்று கோரினார். மன்னர் மனமிரங்கி அளிப்பதன்று அவர் கேட்டது. வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் எழுதப்படும் ஒரு வரி.

சுதந்திர பாரதத்தில் 1954-55 முதல் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளத் திட்டம் நடந்துவருகின்றது. முதலில் கையளவு பேரே சென்றனர். 2021-22 முதல் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் நூற்றுக்கு முப்பது பெண்களுக்கு உரியவை. பட்டியல் வகுப்பினரோடு சீர்மரபினர், நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானக் கட்டணம் யாவும் அடங்கும். குறை இல்லாமல் இல்லை. 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய பாடங்களைப் படிக்கச் செல்வோர்க்கு இத்தொகை இல்லை என்று விதி திருத்தப்பட்டது. 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 106 பேருள் முதற்கட்டமாக 40 பேருக்கே உறுதிக் கடிதம் சென்றது. எஞ்சியோர்க்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று சொல்லப்பட்டது. அரசாங்க ஏட்டில் எழுதிய வரிக்கும் பருத்திச் சந்தைக்கும் சிறிது உறவு உண்டு போலும்!

நடுத்தர வகுப்பினரான நம்மில் பெரும்பாலோர் சென்ற வழி இவை யாவற்றிலும் வேறு. 2001இல் வங்கிகள் கல்விக்கடன் திட்டத்தை வகுத்தன. வெளிநாட்டுப் படிப்புக்குப் பதினைந்து இலட்சம் வரை கடன் கிட்டியது. நான்கு இலட்சம் வரை ஈடு வேண்டியிருக்கவில்லை. அதற்குமேல் வீட்டுப் பத்திரம் வங்கிக்குச் சென்றது. மேலே சொன்ன மூன்று இலட்சத்துச் சொச்சம் மாணவருள் பலரைக் கப்பலேற்றியது, அல்ல, விமானமேற்றியது, வீட்டுப் பத்திரமே. பத்திரம் இல்லாத வீட்டுக் கதை தனி.

அவ்வீடுகள் நமக்குத் தொலைவில் இல்லை. தாராவியில் மூன்று தலைமுறையாக வாழும் திருநெல்வேலிச் சீமைத் தமிழ்க் குடும்பங்களை நாம் அறிவோம். மகாராஷ்டிர அரசு, சாகு மகாராஜா பெயராலேயே, பட்டியல் வகுப்பு மாணவர் 75 பேரை ஆண்டுதோறும் வெளிநாட்டுக்கு அனுப்பும் திட்டம் ஒன்றை நடத்துகின்றது. தாராவித் தமிழ்ப் பிள்ளை அதற்கு விண்ணப்பிக்க முடியுமா? பட்டியல் வகுப்புகள் மாநிலவாரியாக வகுக்கப்பட்டவை. பிழைப்புத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர், வந்த மாநிலத்தின் சலுகைகளைக் கோர முடியாது. 1990இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தீர்ப்பாகவே சொல்லிவிட்டது. அவ்வழக்கு எழுந்ததும் வேறு எங்குமன்று. ஆந்திரத்திலிருந்து தந்தையோடு இந்நகருக்கு வந்த மாணவர் ஒருவர் பம்பாய் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டதால் எழுந்தது. தமிழக அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமெனில் அங்கே பிறப்பிடச் சான்று கேட்பர். பாட்டனார் விட்டுவந்த ஊரின் தாலுகா அலுவலகத்தில் பேரன் சென்று நின்றால் அவன் யார் என்று அறிந்தவர் ஒருவரும் இரார். இரு மாநிலங்களுக்கும் பிள்ளையாகி, இரண்டிலும் பெயரில்லாது நிற்கின்றான். மத்திய அரசின் திட்டம் ஒன்றே மாநில எல்லையைப் பாராது. தந்தைக்குத் தமிழகத்தில் வழங்கிய சாதிச் சான்றைக் காட்டி இங்கேயே மகனுக்கு அதற்குரிய சான்று பெறலாம். இதனை அறியாமல் விண்ணப்பிக்காமலே விட்டவர் பலர்.

குடிபெயர்ந்து வாழ்வோர் இத்துறையில் செய்த ஒரு செயலைச் சொல்லி முடிக்கின்றோம். 1904இல் கல்கத்தாவில் ஜோகேந்திர சந்திர கோஷ் ஒரு சங்கம் கண்டு, சந்தா திரட்டி, ஜப்பானுக்கும் மேல்நாடுகளுக்கும் தொழிற்கல்வி பயில மாணவரை அனுப்பினார். அதற்கு எட்டாண்டு கழித்து, 1912இல், கலிபோர்னியாவில் உருளைக்கிழங்கு பயிரிட்டு வாழ்ந்த ஜ்வாலா சிங் என்னும் பஞ்சாபி உழவர், குரு கோவிந்த சிங் பெயரால் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினார். இந்தியாவிலிருந்து மாணவர் அறுவர் வந்தனர். சாதி, மதம், ஆண், பெண் என்ற வேறுபாடு அவர்க்கு இல்லை. மாணவர் தங்குவதற்கு வீடும் ஏற்பாடாயிற்று. ஜீஜீபாயும் அல்லர், கெய்க்வாடும் அல்லர். அயல் மண்ணில் நிலம் உழுது பிழைத்த குடியானவர் அவர்.

நம் சங்கம் ஒருவரையும் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆற்றல் படைத்ததன்று. ஆயினும் உபகாரச் சம்பளத்தின் முதல் ரூபாய் கைக்கு வருமுன் கையிலிருந்து செலவழிய வேண்டிய தொகை ஒன்று உண்டு. ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணங்கள், மதிப்பெண் சான்றுகளின் படிகள், பாஸ்போர்ட், விசா, சான்றுக்காக ஊர் சென்று வரும் இரயில் செலவு. எல்லாம் சேர்ந்து ஓரிலட்சத்தைத் தொடும். 125 இடத்தில் ஒன்று கிடைக்கத் தகுந்த பிள்ளை இவ்வோரிலட்சம் இல்லாமல் நின்றுவிடுகின்றான். டாட்டா காட்டிய வழியில் வட்டியில்லாக் கடனாக, படித்து வேலையில் அமர்ந்தபின் திருப்பித் தருமாறு, ஆண்டுக்கு இருவருக்கு இத்தொகை கொடுக்க ஒரு சுழல்நிதி வைக்கலாம். தாலுகா அலுவலகச் சான்றுகளை நன்கறிந்த ஓய்வுபெற்ற அன்பர் பலர் நம் காலனியிலேயே உளர். விண்ணப்ப காலத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அவர்கள் சங்க மண்டபத்தில் அமர்ந்து பிள்ளைகளின் தாள்களைப் பார்த்துக் கொடுக்கலாம். வரும் பொதுக்குழுவில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு செயலாளருக்கு எழுதியிருக்கின்றோம்.